சொல்லி அழுதவள்

எலிக்குத் துக்கம் கிடையாது, பயம் உண்டு. டாக்டர் பாண்டிச்செல்வி பதினாறு வருடமாக எலிகளின் பயத்தைத்தான் அழித்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும், காலில் மின்சாரம் சுருக்கென்று கடிக்கும். நாலு தடவை பட்ட எலி ஐந்தாவது தடவை மணிச் சத்தம் கேட்டதுமே விறைத்து நின்றுவிடும். விறைத்து நிற்கிற நேரம் பார்த்து அதற்கு ஓர் ஊசி. மறுநாள் மணி அடித்தால் எலி பாட்டுக்கு மீசையைத் தடவிக்கொண்டு தீனி தின்னும்.

ஊசியில் இருந்தது குளூட்டமேட் ஏற்பியை அடைக்கிற மருந்து. அதன் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்ல அந்த மதுரை ஆய்வகத்திலேயே இரண்டு பேரால்தான் முடியும். மற்ற எல்லோருக்கும் அது 'பூட்டு'. எலிகளிடம் வெகுகாலமாகப் புழங்கிவந்த சாமான்தான். அதை மனித மண்டை தாங்குகிற அளவுக்குச் சாதுவாக்கியது மட்டும்தான் செல்வியும் அவள் ஆட்களும் செய்த காரியம். அந்த ஒரு காரியத்துக்கே முப்பது மனிதர்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்கள். எரிகிற லாரியிலிருந்து குதித்த ஓட்டுநர் ஒருவர், கடலில் கூட்டாளியைக் கைநழுவவிட்ட மீனவர் ஒருவர், இப்படி. ஊசி போட்ட பிறகு அந்த நாளைப் பற்றிக் கேட்டால், "அப்படியா சொல்றாங்க?" என்பார்கள். பிறகு காப்பி கேட்பார்கள்.

முப்பத்தோராவது ஆள் சாத்தூரிலிருந்து வந்தாள். செல்வியின் சொந்த மதினி, அண்ணன் காளிராஜின் மனைவி மாரீஸ்வரி.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நாலு பத்துக்கு, ஒன்பது வயது செவ்வந்தி பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கினாள். தெருவுக்கு அந்தப் பக்கம் வாசல் கேட்டில் மதினி நின்றாள். "ஏ செவந்தி, இங்க வா!" என்று கூப்பிட்டாள். பிள்ளை வேனுக்குப் பின்பக்கமாகச் சுற்றி ஓடிவந்தாள். சத்தமே எழுப்பாத மின்சார வேன் அந்த நேரம் பார்த்துப் பின்னால் நகர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. சொல்வதற்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

துக்க வீட்டில் பெற்றவள் வாயைத் திறக்கவில்லை. தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவளை உலுக்கினார்கள். "அழுதுரு ஆத்தா, நெஞ்சு வெடிச்சுரும்" என்று கெஞ்சினார்கள். மதினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் நாலு பத்துக்கு கேட்டுக்குப் போய் நின்றாள். யாரையும் கூப்பிடுவதில்லை; உதடு மட்டும் அசையும். சோறு இறங்கவில்லை. முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்டாள். இரண்டு தடவை பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றடியிலிருந்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். மூன்றாவது தடவை பார்க்க ஆள் இருக்குமோ என்னவோ என்ற பயத்தில்தான் காளிராஜ் தங்கைக்குப் போன் செய்தான்.

காளிராஜ் மிட்டாய்க்கடைக்காரன். சேவும் கருப்பட்டி மிட்டாயும் அவன் கைப்பக்குவம். ஆய்வக வராந்தாவில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தங்கையை ஏதோ கலெக்டரம்மாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு செல்வி. மண்டைக்குள்ள என்ன செய்யிது இந்த மருந்து?"

"நினைப்புங்கிறது பெட்டியில மடிச்சு வச்ச சேலை மாதிரின்னு நினைச்சுக்கிட்டுருக்கோம்லண்ணே, அது அப்படி இல்ல. ஒவ்வொரு தடவ எடுக்கையிலயும் அது இளகும். திரும்ப உறைஞ்சாத்தான் நாளைக்கும் இருக்கும்."

"பாகு மாதிரின்னு சொல்லு."

"பாகுதான். உறையிறதுக்கு மூளைக்குள்ள ஒரு வாசல் தொறக்கணும். இந்த மருந்து மூணு மணி நேரத்துக்கு அந்த வாசலப் பூட்டிரும். அந்த நேரத்துக்குள்ள எதை நினைச்சு வெளிய எடுக்காகளோ அது உறையாது. கரைஞ்சு போயிரும்."

"எடுக்காதது?"

"கட்டியா அப்படியே கிடக்கும். பூட்டு அதத் தொடாது."

காளிராஜ் தன் உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். அதில் சர்க்கரைப் பாகு சுட்ட தழும்புகள் இருந்தன.

"அப்ப பிள்ளை இருப்பா. அந்த நாள் மட்டும் போயிரும்."

"அந்த நாள் மட்டும்."

"சத்தியமா?"

"முப்பது பேருக்குப் போட்டுருக்கோம்ணே."

சத்தியம் கேட்டதற்கு அது பதில் இல்லை. அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை. தண்ணீரில் போகிறவனுக்கு அகப்பட்டது கட்டையா முதலையா என்று பார்க்க எங்கே நேரம்?

சொந்தக்காரிக்குச் சொந்தக்காரி வைத்தியம் பார்க்கக் கூடாது என்று விதி. செல்வி நன்னெறிக் குழுவுக்கு உறவைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். அறைக்குள் மதினியோடு உட்காரப்போகிறவன் நிவேதன் என்கிற உளவியலாளன். சென்னையில் பிறந்து வளர்ந்தவன், பொறுமைசாலி. அவனுக்கு இரண்டு விதி. ஒன்று, 'அன்றைக்கு என்ன நடந்தது?' என்று கேட்க வேண்டும். இரண்டு, நோயாளி பேச ஆரம்பித்துவிட்டால் எக்காரணம் கொண்டும் குறுக்கே பேசக் கூடாது. குறுக்கே ஒரு வார்த்தை விழுந்தாலும் மனசு வேறெங்காவது தாவும், தாவின இடமும் கரைந்துபோகும். இரண்டாவது விதியை எழுதியவள் செல்வி.

வீட்டாருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். சிகிச்சைக்குப் பிறகு அந்தச் சம்பவத்தை வீட்டில் யாரும் பேசக் கூடாது. கேட்டால் எல்லோரும் ஒரே பதிலாகச் சொல்ல வேண்டும். காளிராஜ் யோசித்து, "காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லிருதேன்" என்றான். தாளின் அடியில் கையெழுத்துப் போட்டான். பெற்ற மகளுக்கு இன்னொரு சாவை எழுதிக் கொடுப்பது அவனுக்கு லேசாகவா இருந்திருக்கும்?

மறுநாள் காலை ஊசி அறை வாசலில் மதினி தயங்கி நின்றாள். செல்வி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவர்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். தாயில்லாத நாத்தனாருக்கு விடிகாலையில் எழுந்து சாப்பாடு கட்டிக் கொடுத்தவள். 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மதுரைப் படிப்பு' என்ற மாமனாரிடம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றவள். அவளுடைய கை இப்போது செல்வியின் கைக்குள் குச்சியாகக் கிடந்தது.

"உள்ள என்ன செய்யணும் செல்வி?"

பல மாதங்களுக்குப் பிறகு அவள் முழுதாகப் பேசின வாக்கியம் அது. செல்வி, ஆய்வகத்தில் பேசுகிற பேச்சையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, ஊர்ப் பேச்சில், தனக்குத் தெரிந்த மிகவும் ஆறுதலான வார்த்தையில் சொன்னாள்.

"ஒண்ணும் பயமில்ல மதினி. ஊசி போட்டு முக்கா மணி நேரம் கழிச்சு ஒரு தம்பி வந்து கேப்பாரு. உள்ள அடக்கி வச்சுருக்கதை எல்லாம் சொல்லி அழுதுருங்க. அவ்வளவுதான்."

"சொல்லி அழணுமா?"

"ஆமா மதினி. சொல்லி அழுதுட்டீகன்னா எல்லாம் போயிரும்."

மதினி அவள் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே உள்ளே போனாள். தலையில் ஒட்டுகிற வயர்களுக்காக அவிழ்க்கிறாள் என்று செல்வி நினைத்துக்கொண்டாள்.

செல்விக்கு அந்த அறையின் படமும் கிடையாது, குரலும் கிடையாது. சொந்தக்காரி ஆயிற்றே. பக்கத்து அறைத் திரையில் கோடுகள் மட்டும் தெரிந்தன. நாடித்துடிப்பு ஒரு கோடு, தோலின் வியர்வை ஒரு கோடு, மூளையின் மின்னோட்டம் ஏழெட்டுக் கோடுகள். நினைவு எவ்வளவு ஆழத்திலிருந்து வெளியே வருகிறதோ அந்த அளவுக்குக் கோடுகள் எழும்பும். லாரி ஓட்டுநருக்கு எழும்பியதை இன்னும் வகுப்பெடுக்கக் காட்டுவார்கள். மதினிக்கு அதைப்போல இரண்டு மடங்கு எழும்பியது. பத்து நிமிடத்தில் ஓய வேண்டியது நாற்பது நிமிடம் ஓயவே இல்லை. அலை அலையாக வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"எல்லாம் வந்துருச்சு," என்று செல்வி திரையைத் தொட்டுச் சொன்னாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இதைச் சொல்லவே கூசுகிறது. ஆனாலும் அவள் சந்தோஷப்பட்டாள் என்பதுதான் உண்மை.

மதினி சாயங்காலம்வரை தூங்கினாள். எழுந்ததும் ஊசி அறையில் நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை. அது எல்லோருக்கும் அப்படித்தான். பூட்டியிருக்கிற நேரத்தில் புதிதாகவும் எதுவும் பதியாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பசிக்குது" என்றாள்.

காளிராஜ் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். நாலு இட்லி சாப்பிட்டாள். ஐந்தாவதும் கேட்டாள். துயர அளவுக் கேள்வித்தாளில் அறுபத்திரண்டாக இருந்த மதிப்பெண் ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. ஆய்வகத்தில் கைதட்டினார்கள்.

எட்டாம் நாள் அண்ணன் போன் செய்தான்.

"செல்வி, நீ கொஞ்சம் வா."

"என்னண்ணே? மதினி சாப்பிடலையா?"

"சாப்பிடுதா. நல்லாத் தூங்குதா. கடைக்குக்கூட வாரா. ஆனா நீ வா."

செல்வி போனபோது மதினி தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு கூடத்தை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். "வா தாயி, வா!" என்று பழைய மதினியாக ஓடிவந்து கையைப் பிடித்தாள். காப்பி கலந்துகொண்டு வந்தாள். செல்விக்கு மனசு லேசாயிற்று. இவள் இப்படி நடமாடுவதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும்.

பிறகு மதினி விட்ட வேலையைத் தொடர்ந்தாள். சுவரில் மாலை போட்டிருந்த செவ்வந்தியின் படத்தைத் துணியால் துடைத்தாள். பக்கத்தில் இருந்த மிட்டாய்க்கடைக் காலண்டரையும் துடைத்தாள். இரண்டையும் ஒரே மாதிரி துடைத்தாள்.

"மதினி," என்றாள் செல்வி. "பிள்ளைய நினைச்சுக்கிருவீகளா?"

மதினி கூச்சத்தோடு சிரித்தாள். "உங்கண்ணனும் அதான் கேக்காக. என்ன சொல்ல? எனக்கு ஒரு பிள்ளை இருந்துச்சு, பேரு செவ்வந்தி, காய்ச்சல்ல போயிருச்சு. தெரியிது. ரேஷன் கார்டுலயும் பேரு இருக்கு. ஆனா நினைச்சுப் பாக்கலாம்னா ஒண்ணும் வர மாட்டேங்குது செல்வி. முகம்கூட இந்தப் படத்துல இருக்க முகந்தான். ஊசி போட்டா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்குமோ?"

செல்வி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"துணிமணி எல்லாம் சும்மா கிடந்துச்சு. எதுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன். ஒரு மஞ்சக் குடை, புத்தம் புதுசு. அதையும் குடுத்துட்டேன். நான் குடுக்கையில உங்கண்ணன் ஏன் அப்படி அழுதாகன்னு தெரியல." மதினி கையிலிருந்த துணியை மடித்தாள். குரல் தாழ்ந்தது. "ஆனா ஒண்ணு மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்கிது தாயி. நம்ம வாசல்ல ஒரு பிள்ளை வேன்ல அடிபட்டுச்சே, உனக்குத் தெரியுமா?"

அந்த நாள் இருக்கவே கூடாது. அந்த நாளைக் கரைக்கத்தானே அவ்வளவும்.

"நான் கேட்டுக்கிட்டத்தான் நின்னேன். ஒரு செருப்பு தனியா கிடந்துச்சு. தண்ணி பாட்டில் உருண்டு உருண்டு சாக்கடையில விழுந்துச்சு. நான்தான் அந்தப் பிள்ளைய 'இங்க வா'ன்னு கூப்பிட்டேன். எதுக்குக் கூப்பிட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், விளங்கல." அவள் கண்ணில் நீர் கோத்தது. வழியில் போகிறவர்களுக்குக் கோத்துக்கொள்கிற அளவு நீர். "யாரு பெத்த பிள்ளையோ. பாவம். பெத்தவ எப்படித் தாங்குனாளோ."

நன்னெறிக் குழுவுக்கு எழுதி, அனுமதி வாங்கி, நாலாம் நாள் செல்வி அந்த ஒலிப்பதிவைக் கேட்டாள். நிவேதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

முதலில் அவன் குரல், பிசகில்லாமல். "அம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

பிறகு மதினி. "செல்வி சொல்லி அழச் சொல்லிச்சு சார்."

"சரிம்மா. சொல்லுங்க."

"யாராச்சும் கூட உக்காந்து அழணும் சார். ஒத்தையில எப்படி?"

அவன் பதில் சொல்லவில்லை. ஆரம்பித்த பின் பேசக் கூடாது என்று விதி. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் அந்தக் குரல் எழும்பியது. கரகரத்து, இழுத்து, யாருடையது என்றே அடையாளம் தெரியாத குரல்.

*ஏழு மாசம் முடியுமுன்னே – என் ஈரக் கொழுந்தே*
*எட்டு வச்சு நடந்தவளே...*
*பால் பல்லு விழுந்ததுன்னு – என் பவளமே*
*பதறி வந்து காட்டுனியே...*

செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அவள் பிறந்த மண்ணில் 'சொல்லி அழுவது' என்றால் நடந்ததைச் சொல்வது அல்ல. அழுதுகொண்டே பேசுவதும் அல்ல. செத்தவரின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து எடுத்து ஒப்பாரியாகப் பாடுவது. அதில் சாவு வராது. எப்படிச் செத்தார் என்று எந்தப் பெண்ணும் பாட மாட்டாள். எப்படி இருந்தார் என்றுதான் பாடுவாள். நேற்றுப் பிறந்த பெண்ணுக்கும் சாத்தூரில் இது தெரியும். செல்விக்கும் தெரிந்திருந்தது, ஒரு காலத்தில். இருபது வருடம் இங்கிலீஷில் யோசித்து, இங்கிலீஷில் எழுதி, ஊர்ப் பேச்சை ஆறுதல் சொல்ல மட்டும் எடுத்து வைத்துக்கொண்டவளுக்கு, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் தட்டிப்போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைகூட இதைவிடத் தேவலை. அதில் களிமண்தான் பாழ்.

*மஞ்சக் குடை வாங்கி வச்சேன் – என் மகராசி*
*மழையக் கேட்டு நின்னவளே...*
*மழை ஒண்ணு பெய்யலையே – இந்த ஊருக்கு*
*மனசு ஒண்ணு எறங்கலையே...*

நாற்பது நிமிடம். பிள்ளைக்குப் பிடித்த குழம்பு, பிடிக்காத சட்டை, மூச்சிரைப்பு வந்த குளிர்காலம், முதன்முதலில் எழுதிய எழுத்து, கோவித்துக்கொண்டு ஒளிந்த அலமாரி. பதினோரு மாதமாக வாயடைத்துக் கிடந்தவள் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எடுத்தாள். எடுத்த ஒவ்வொன்றும் இளகியது. ஒன்றுகூட உறையவில்லை. ஒவ்வொரு முறையும் பாட்டு பள்ளிக்கூட வேன் வரைக்கும் வந்தது, அங்கே நின்றது, மறுபடி தொட்டிலுக்குத் திரும்பிவிட்டது. வாசலில் நடந்ததை அவள் தொடவே இல்லை. தொடாதது கட்டியாக அப்படியே கிடந்துவிட்டது.

"நல்லா அழுதாங்க மேடம்," என்றான் நிவேதன். "நான் எங்க வீட்டுல இதைக் கேட்டதே இல்ல. துக்கத்தைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். நீங்க குறுக்க பேசக் கூடாதுன்னு..."

"ஆமா. நான்தான்."

"ஒன்பது மார்க்கு மேடம். கணக்குப்படி இதுவரைக்கும் வந்ததுல இதுதான் பெரிய வெற்றி."

"அறிக்கையில வெற்றின்னு எழுதாதீங்க நிவேதன். நடந்ததை எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க." பிறகு, யாருக்கோ சொல்வதுபோல, "எலி ஒப்பாரி வைக்காது. அதான் நமக்குத் தெரியாமப் போச்சு," என்றாள்.

ஒலிப்பதிவின் நகலோடு அவள் சாத்தூர் போனாள். அண்ணன் கடையின் பின்கட்டில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தான். நடந்ததை அவள் மறைக்காமல் சொன்னாள். அவன் கரண்டியை நிறுத்தாமல் கேட்டான்.

"நீ வேணும்னு செய்யல," என்றான் கடைசியில். "ஆனா எனக்கு ஒரு உதவி செய்யி. அந்த ஊசிய எனக்கும் போடு."

"அண்ணே!"

"ஒரே வீட்டுக்குள்ள அவ சிரிச்சுக்கிட்டு நடக்கா. நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுதுக்கிட்டுருக்கேன். பிள்ளைக்கு ரெண்டு பேரு சேந்து அழுதா அது துக்கம். ஒருத்தன் மட்டும் அழுதா பைத்தியம். முடியல செல்வி."

"நீயும் மறந்துட்டா, அவ இருந்தான்னு சொல்ல யாருண்ணே இருக்கா?"

பாகு கருகும் வாடை வந்தது. அவன் சட்டியை இறக்கவே இல்லை. செல்விதான் துணியால் பிடித்து இறக்கினாள்.

அவள் கைப்பையைத் திறந்து ஒலிப்பதிவைக் காட்டினாள். "கரைஞ்சது திரும்ப வராது. நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா எல்லாம் இதுல இருக்கு, மதினி குரல்லயே இருக்கு. கேட்டா, நம்ம பிள்ளைதான்னு ஒரு ஒட்டுதல் வந்தாலும் வரலாம். புதுசா வச்சுக்கிடலாம். உனக்கும் ஒரு துணை கிடைக்கும்."

"திரும்பக் கிணத்தடிக்குப் போயிட்டான்னா?"

அதுதான் கேள்வி. அண்ணன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அதப் போட்டுக் காட்டு. ஆனா பாடுனது அவதான்னு அவகிட்ட எடுத்த எடுப்புல சொல்லாத. தானா வரட்டும். வந்தா வரட்டும்."

மதியச் சாப்பாடு முடிந்து மதினி அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செல்வி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் நிலைப்படியில் நின்றான்.

"மதினி, ஒரு பொம்பளை சொல்லி அழுதது இருக்கு. கேக்குறீகளா?"

"யாரு செத்துப்போனது?"

"அவுக பிள்ளை."

"ஐயோ," என்றாள் மதினி. "போடு தாயி. கேக்காம விடக் கூடாது."

முதல் அடியிலேயே கீரை உருவுகிற கை நின்றது. இரண்டாவது அடியில் உடம்பு மெல்ல ஆட ஆரம்பித்தது. பால் பல் வந்தபோது கண்ணீர் இறங்கியது. முன்பு கோத்தது போல அல்ல. தாரை தாரையாக இறங்கி மடியில் விழுந்தது. மஞ்சள் குடை வந்தபோது, "ஆமா தாயி... ஆமா என் தாயி..." என்று முணுமுணுத்தாள். ஒரு கட்டத்தில் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, அந்தக் குரலோடு சேர்ந்து, அது இழுத்த இடத்தில் தானும் இழுத்து அழுதாள். ஒலிப்பதிவு மூச்சு வாங்குகிற இடத்தில் இவளும் மூச்சு வாங்கினாள். நிலைப்படியில் அண்ணன் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். அவன் கண்ணில் ஓர் ஆசை வந்துவிட்டது. செல்விக்கும் வந்துவிட்டது. வந்துவிட்டாள், பிள்ளை திரும்பி வந்துவிட்டாள் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பாட்டு முடிந்தது. மதினி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மூக்கைச் சிந்தினாள். அண்ணன் ஓர் எட்டு உள்ளே வைத்தான்.

"மாரி..." என்றான்.

மதினி அவனைப் பார்க்கவில்லை. செல்வியின் முழங்காலைத் தொட்டாள்.

"ஒத்தையில அழ விட்டுட்டீகளே செல்வி. கூட ஒரு குரல் இல்லையே. இப்படி ஒரு அழுகைய நான் கேட்டதில்ல." அவளுக்கு இன்னும் விம்மல் அடங்கவில்லை. "யாரு பெத்த மகராசியோ. அந்தம்மா இப்ப எப்படி இருக்காக?"

செல்வி அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையை மெதுவாக இல்லை என்று ஆட்டினான். சொல்லாதே என்கிறானா, இனி ஒன்றும் மிச்சமில்லை என்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்காக மதினி," என்றாள். "சாப்பிடுறாக. தூங்குறாக."

"இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்," என்றாள் மதினி. உருவிய கீரையை முறத்தில் கூட்டிச் சேர்த்தாள். "எது போனாலும் பெத்தவளுக்குப் பிள்ளை நினைப்பு ஒண்ணாவது மிஞ்சும்லா. அது போதும் அவுகளுக்கு."

முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து, கீரையை அலசக் குழாயடிக்குப் போனாள்.